சாவி என் கழுத்தில் இருந்தது

எங்கள் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் யாரும் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. உள்ளே செய்கிற மின்னணு போர்டுகளை யாரும் படம் பிடித்துவிடக் கூடாது என்பது அவற்றை வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் தொடங்கும்போது, வெள்ளை அங்கி மாட்டும் அறைக்கு வெளியே இருக்கிற இரும்பு லாக்கரில் முப்பத்திரண்டு பேரும் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். லாக்கர் என்றால் ஆளுக்கொரு பெட்டி இல்லை. ஒரே அலமாரி, ஒரே கதவு, உள்ளே எண் போட்ட முப்பத்திரண்டு குழிகள். பூட்டு ஒன்று, சாவி ஒன்று. சாவி சிவப்பு நாடாவில் என் கழுத்தில் தொங்கும். நான் லைன் லீடர்.

அந்தச் சாவி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம். பதினெட்டு வருஷம் அந்தக் கண்ணாடி அறைக்குள் குனிந்து உட்கார்ந்து போர்டுகளில் ஈயப் பொட்டு வைத்தவள் நான். கழுத்து எலும்பு தேய்ந்த பிறகுதான் கண்ணாடிக்கு வெளியே எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்து லாக்கர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் போன் மட்டும் என் மேசைமேல் இருக்கலாம். டீ நேரத்தில் எல்லாரும் என் முன்னால் வரிசையாக நிற்பார்கள். நான் சாவியை எடுப்பதற்கு முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன். பேனாவுக்கு மூடி போடுவேன். அவர்களுக்கு இருப்பது பதினைந்தே நிமிஷம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தியை எனக்குப் பிடிக்காது. அவள் பாலோ என்கிற ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில், தொழிற்சாலை இருக்கிற குளுவாங்குக்கு வருவாள். அதனால் நான் அவளைப் பாலோக்காரி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் சரிப்படாமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள், வயது முப்பத்தைந்து இருக்கும். அவள்மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கை சுத்தம், வேலை சுத்தம். மலாய் தண்ணீர் மாதிரி பேசுவாள், ஆங்கிலமும் தெரியும். சூப்பர்வைசருக்கு வருகிற மின்னஞ்சலில் ஏதாவது புரியாவிட்டால் அவர் என் மேசையைத் தாண்டிப் போய்க் கண்ணாடியைத் தட்டி அவளைத்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். என் நாற்காலிக்கு அடுத்து யார் வரப்போகிறார்கள் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

அந்த அலறலை நாங்கள் முதன்முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வெள்ளம் மாதிரி ஆபத்துக்கு அரசாங்கத்தின் அவசர எச்சரிக்கை இனிமேல் நேராகப் போனுக்கே வரும், அதற்கு ஒரு சோதனை நடக்கும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்களாம். எங்களில் யார் செய்தி பார்க்கிறோம்? என் மேசைமேல் போன் திடீரென்று கத்தியது. அது மணி அடிப்பது மாதிரி இல்லை, பன்றியைப் பிடிக்கும்போது கத்துமே, அப்படி ஒரு சத்தம். அதே நொடியில் லாக்கருக்குள் முப்பத்திரண்டும் சேர்ந்து கத்தின. இரும்பு அலமாரி அதிர்ந்தது. கண்ணாடிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள்.

முதலில் ஓடிவந்தவள் பாலோக்காரி. அங்கியோடு, முகமூடியோடு, அங்கி அறையின் இரண்டு கதவையும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்படித் திறக்கவே கூடாது. வெளிக்காற்று உள்ளே போனால் மேசைமேல் இருக்கிற போர்டு எல்லாம் வீண். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடிவந்தார்கள். "அக்கா, திறங்கக்கா, வீட்டுல என்னான்னு பாக்கணும்" என்று பாலோக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றினேன். திறந்துவிட்டேன். போனை எடுத்துப் பார்த்தால் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: இது சோதனை மட்டுமே, எந்த நடவடிக்கையும் தேவையில்லை.

அன்றைக்கு இருபது நிமிஷம் லைன் நின்றது. மேசையில் இருந்த போர்டு அத்தனையும் குப்பைக்குப் போனது. மேனேஜர் கீழே இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். முப்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் அதில் கையெழுத்துப் போட்டேன். கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தவளின் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை. "அவளுக்கு வீட்டில் வயசான அம்மா, பயந்துவிட்டாள், பாவம்" என்று சூப்பர்வைசர் அவளுக்காகப் பேசினார். எனக்காக யாரும் பேசவில்லை.

அந்த அம்மா அன்று என்ன செய்தார் என்பது மறுநாள் டீ நேரத்தில் தெரியவந்தது. பாலோக்காரியே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அந்த அம்மா எஸ்டேட்டில் செம்பனைப் பழம் பொறுக்கியவர். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். கடையில் மலாய் பேசுவார், ஆனால் அதைப் படிக்கத் தெரியாது. போன் அலறியதும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், ஆனால் இது ஏதோ பெரிய விஷயம் என்று மட்டும் புரிந்துகொண்டு, அடையாள அட்டை, மருந்து, ஒரு மாற்றுச் சேலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மூட்டு வலியோடு தடியை ஊன்றி நடந்து, மேட்டில் இருக்கிற பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே வேறு ஒருவரும் இல்லை. சாயங்காலம் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தேடிப் போகிறவரைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

"அலமாக், கக்கூஸ்கூட போவலயாம்கா, எடம் போயிருமுன்னு" என்று சொல்லி பாலோக்காரி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

இப்போது யோசித்தால், அன்று எங்கள் எல்லாரிலும் அந்தச் சத்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருத்தர்தான். படிக்கத் தெரிந்த நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னப் பையன் மாதிரி இருப்பார், எப்போதும் கையில் ஒரு கோப்போடு அலைவார். இந்த எச்சரிக்கையைப் பற்றி லைனில் எல்லாருக்கும் விளக்க வேண்டும், விளக்கியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். தாளில் நாலே வரி. அபாயம் இருக்கிற வட்டாரத்து டவரின் கீழே இருக்கிற எல்லாப் போனுக்கும் எச்சரிக்கை வரும். சத்தத்தை அசட்டை செய்யக் கூடாது. திரையில் இருப்பதைப் படிக்க வேண்டும். அதில் சொன்னபடி உடனே செய்ய வேண்டும்.

நாலு வரியைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கடிதம் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை லைன் நின்றால் என் நாற்காலி போய்விடும். அதனால் தாளில் இல்லாத ஐந்தாவது வரியை நானே சேர்த்தேன். முதலில் மலாயில் சொன்னேன். பிறகு தமிழ்ப் பெண்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னேன்.

"வீட்டுல இருக்கறவங்களுக்கும் சொல்லி வைங்க. சத்தம் வந்ததும் பதறி அடிச்சிக்கிட்டு வெளிய ஓடக் கூடாது. இருந்த எடத்துலயே உக்காந்திருக்கணும். உங்களுக்குப் போன் போடணும். நீங்க படிச்சிட்டு என்ன செய்யணும்னு சொல்ற வரைக்கும் நகரக் கூடாது. சும்மா சும்மா மூட்டை கட்டிக்கிட்டு பாலாய் ராயாவுக்குப் போயி குந்திக்கிட்டு..." என்று சொல்லி அவளைப் பார்த்தேன். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் இந்தத் தடவை முகம் சிவந்துவிட்டது. எனக்கு அது போதவில்லை.

"போன் லாக்கர்ல இருக்குமேக்கா. அம்மா கூப்பிட்டா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நான் வெளிய குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல? முக்கியமான கால் வந்தா கண்ணாடியத் தட்டி நானே கூப்பிடுறேன்."

அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், அன்று டீ நேரத்தில் தன் போனில் அம்மாவின் எண்ணுக்கு மட்டும் நாதஸ்வரச் சத்தம் ஒன்றை வைத்து, என் மேசைக்கு வந்து ஓட விட்டுக் காட்டினாள். "இது அடிச்சா எங்கம்மாதான்கா. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், எனக்குப் போன் போடாம எங்கயும் போவக் கூடாதுன்னு." நான் தலையாட்டினேன். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்று ஒரு குத்தும் குத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவளைப் பார்த்தால் என் வாய் தானாக அப்படித்தான் போகும்.

மழைக்காலம் வந்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை பாலோ பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. இறங்கியவர்கள் முழங்கால்வரை நனைந்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது என்றார்கள். பாலோக்காரியின் வீடு அந்த ஆற்றுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் போனைக் குழியில் வைக்கும்போது ஒரு நிமிஷம் தயங்கினாள். "அக்கா, இன்னைக்கு மட்டும் பாத்துக்குங்க" என்றாள். "போ, போ, லேட்டா வந்ததுக்கு இது வேறயா" என்று கதவைச் சாத்தினேன்.

ஒன்பதே முக்காலுக்கு அலறல் வந்தது. என் மேசையில் ஒன்று, லாக்கருக்குள் முப்பத்திரண்டு. இந்தத் தடவை யாரும் ஓடிவரவில்லை. நான் கண்ணாடிக்கு முன்னால் எழுந்து நின்று கையை உயர்த்தி, உட்காருங்கள் என்று காட்டினேன். உட்கார்ந்தே இருந்தார்கள். அந்த நொடியில் எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் வெட்கக்கேடு. முப்பத்திரண்டு பேரை ஒரு கையால் உட்கார வைத்துவிட்டேன்.

பிறகு என் போனை எடுத்துப் படித்தேன். இது சோதனை இல்லை. ஆற்று நீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது, தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் உடனே வெளியேறி மேட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே இடங்களின் பெயர் இருந்தது. பாலோ இருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். எங்கள் தொழிற்சாலை மேட்டில்தான் இருக்கிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளிருந்து பாலோக்காரி என்னைப் பார்த்துக் கையைக் காதில் வைத்துக் காட்டினாள். போன் வந்ததா என்று கேட்கிறாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்போது உண்மையிலேயே வந்திருக்கவில்லை. அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

இரண்டு நிமிஷத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்தது.

கண்ணாடிக்குள் இருப்பவர்களுக்கு ஒரு போனின் சத்தம் கேட்காது. உள்ளே காற்று இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டது எனக்கு மட்டும்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். பத்தரைக்கு டீ. நாற்பத்தைந்து நிமிஷம்கூட இல்லை. இப்போது இவளைக் கூப்பிட்டால் மற்ற முப்பத்தொரு பேரும் எழுந்து வருவார்கள், இரண்டு கதவும் திறக்கும், மேனேஜர் இறங்கி வருவார். இது ஒரு காரணம். யாராவது கேட்டால் சொல்வதற்காக இந்தக் காரணத்தைத்தான் நான் எனக்குள்ளேயே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இன்னொரு காரணம் அதைவிடச் சின்னது. இவளும் ஒரு நாள் காத்திருக்கட்டுமே என்று இருந்தது.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அடித்தபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து லாக்கரைத் திறந்தேன். ஆம், திறந்தேன். பதினான்காம் குழியில் அந்தப் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். திரையில் "அம்மா" என்று தமிழில் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு கிழவி.

எடுத்திருந்தால் போதும். "ஆத்தா, வெள்ளம் வருது, கெளம்பு" என்று சொல்ல மூன்று நொடி ஆகியிருக்கும். லைன் நின்றிருக்காது. ஒரு போர்டுகூட வீணாகியிருக்காது. யாரும் எனக்குக் கடிதம் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் செய்தது என்ன என்றால், பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து ஒலியைக் கடைசிவரை இறக்கி, போனைக் குப்புறப் போட்டு, கதவைப் பூட்டினேன். திரும்பியபோது கண்ணாடிக்கு உள்ளே முதல் இருக்கையில் இருந்த நேப்பாளப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை முறைத்தேன். அவளுடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்கிற தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு லாக்கர் அமைதியாக இருந்தது. நான் வருகைப் பதிவைச் சரிபார்த்தேன். பிஸ்கட் ஒன்று சாப்பிட்டேன்.

பத்தரைக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். பாலோக்காரி வரிசையில் முன்னால் நின்றாள். அன்று நான் தண்ணீர் குடிக்கவில்லை, பேனாவுக்கு மூடி போடவில்லை, நேராகத் திறந்துவிட்டேன். அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து பதினான்கு அழைப்பு. கீழே, அந்த எச்சரிக்கை. அதைப் படித்தபோது அவள் உதடு அசைந்தது. திருப்பிக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் இல்லை. மூன்றாவது தடவை மணியே போகவில்லை.

"அக்கா, அடிச்சுச்சா?" என்று என்னைக் கேட்டாள்.

"கேக்கலயே. அந்த அலறலுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவள் போனின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். "சைலண்ட்ல கெடக்கு" என்று தனக்குத்தானே சொன்னாள். "காலைல வர்ற அவசரத்துல நான்தான் அமுக்கிட்டேன் போல." சொல்லிக்கொண்டே அங்கியைக் கழற்றி என் மேசைமேல் போட்டுவிட்டு ஓடினாள். மலாய்ப் பெண் ஒருத்தியின் புருஷன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சாலையில் தண்ணீர் ஏறியிருந்ததால் பாலோவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். மாலை நாலு மணிவரை அவள் அந்தத் தண்ணீரின் விளிம்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

படகோடு உள்ளே போன பொம்பாக்காரர்கள், தீயணைப்பு ஆட்கள்தான் அந்த அம்மாவைக் கண்டெடுத்தார்கள். வீட்டுக்கு வெளியே இல்லை. வீட்டுக்குள், முன்கதவுக்குப் பக்கத்தில். காலில் செருப்பு இருந்தது. பை தோளில் மாட்டியிருந்தது.

மூன்றாம் நாள் சாவுக்குக் கம்பெனி வேன் வைத்துப் போனோம். வீட்டில் வைக்க முடியாமல் பாலாய் ராயாவில்தான் வைத்திருந்தார்கள், மேட்டில் இருந்ததால் அங்கே தண்ணீர் ஏறவில்லை. கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், பக்கத்து வீட்டுக்காரியாம், கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாங்க பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கெளம்புறப்ப தண்ணி வாசப்படிகூட ஏறல. வாங்கம்மா, எங்ககூட வாங்கன்னு கையப் புடிச்சி இழுத்தேன். இல்லம்மா, மக சொல்லாம நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, போன் போட்டுக்கிட்டிருக்கேன், இப்ப எடுத்துருவா, நீங்க முன்னால போங்கன்னாங்க. போன தடவ மாதிரி மறுபடி போயி உக்காந்தா அவளுக்கு வேல எடத்துல அசிங்கமா இருக்குமாம்."

அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்காரப் பயமாக இருந்தது. பாலோக்காரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, போனு சைலண்ட்ல இருந்துருச்சுக்கா" என்றாள். நானும் அழுதேன். என் அழுகையைப் பார்த்து இரண்டு பேர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதைக் குடித்தேன்.

அந்த மாதக் கடைசியில் மேனேஜர் எங்கள் லைனைப் பாராட்டினார். எச்சரிக்கை வந்தபோது மற்ற லைன்களில் ஆட்கள் எழுந்து ஓட, எங்கள் லைன் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையாம். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அப்போது பாலோக்காரி வேலைக்குத் திரும்பி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது வரிசையில் நின்று அவளும் கை தட்டினாள். படத்தில் பார்த்தால் தெரியும். அது இன்னும் கேண்டீன் சுவரில் தொங்குகிறது.

போனை அவள் இப்போதும் தினம் கொண்டுவந்து பதினான்காம் குழியில் வைப்பாள். டீ நேரத்தில் எடுக்க வர மாட்டாள். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "என்னைய யாரு கூப்பிடப் போறாங்கக்கா" என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவளுக்குத் தெரியுமோ என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அந்த நேப்பாளப் பெண் சொல்லியிருப்பாளோ என்று டீ நேரத்தில் அவர்கள் இருவரும் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பேன். தள்ளித் தள்ளித்தான் உட்காருவார்கள். அந்தப் பெண்ணின் பெர்மிட் தாளில் நான் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து பாதுகாப்பு அதிகாரி மறுபடி கோப்போடு வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு எல்லா லைனுக்கும் இன்னொரு தடவை விளக்கச் சொல்லி உத்தரவாம். இந்தத் தடவை தாளைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, தானும் கூடவே நின்றார். அங்கி மாட்டும் அறையில் முப்பத்திரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு நாலு வரியையும் படித்தேன். ஐந்தாவதாக எதையும் சேர்க்கவில்லை. "கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். வழக்கமாக யாருக்கும் கேள்வி இருக்காது.

பாலோக்காரி எழுந்து நின்றாள். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ மலாயிலேயே கேட்டாள்.

"சத்தம் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?"

"உடனே கிளம்ப வேண்டும். யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது" என்றேன் நானும் மலாயில்.

"போன தடவை இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொன்னீர்கள். எங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சொன்னீர்கள்."

அதிகாரி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றேன். "தாளில் இருந்ததைத்தான் படித்தேன்."

"யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?" என்று அவர் மற்றவர்களைக் கேட்டார். முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அன்று எல்லாரும் கேட்டவர்கள்தான், கேட்டுச் சிரித்தவர்கள்தான். அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்குத் தீபாவளிக்கு லீவு என்று எழுதுகிறவள் நான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நேப்பாளப் பெண் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலோக்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டவள் மாதிரி பார்த்தாள். பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அப்ப நான்தான்கா தப்பா புரிஞ்சிக்கிட்டு அம்மாகிட்ட போயிச் சொல்லியிருக்கேன்."

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ஆமா" என்றேன். "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.